கவனம் அங்கிளின் நான்காவது சேனல்

திருட்டைப் பற்றித் திருடர்களைவிட அதிக நேரம் யோசித்த மனிதர் ஒருவர் கிள்ளானில் இருந்தார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கண்டிப்பாக இருந்திருக்கும். ஆனால் மேரு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் விடைபெறும்போது "கவனம்" என்பார்கள். இவர் கொஞ்சம் அதிகமாகவே சொல்வார். வேலைக்குப் போகிறவருக்கும் கவனம், குப்பை கொட்டப் போகிறவருக்கும் கவனம். ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அரைமணி நேரம் பேசினார். பேச்சு முடிந்ததும் "கவனம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எங்கேயும் போகவில்லை, கொடிக்கு அடியிலேதான் நின்றேன். அன்று முழுக்க அந்தக் கொடியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் கவனம் அங்கிள்.

கோலாலம்பூரில் அரசாங்க உத்தியோகம், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்க்கை என்று இருந்தவர். ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் கிள்ளானில் வீடு வாங்கி, அந்த வீட்டில் ஓட்டை தேட ஆரம்பித்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மதில்மேல் சிமெண்ட் பூசி, உடைந்த போத்தல் துண்டுகளைத் தன் கையாலேயே பதித்தார். மதிலின் அடியில் ஒரு கயிற்றைக் கட்டி அதில் காலி பால் டின்களைத் தொங்கவிட்டார். திருடன் குதித்தால் சத்தம் கேட்குமாம். வாசல் கேட்டுக்குப் பெரிதும் சிறிதுமாகப் பல பூட்டுகள். அவருடைய மனைவியை நாங்கள் ஆன்டி என்போம். மெலிந்த உருவம், மெதுவான பேச்சு. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. "இஞ்சேருங்கோ, ஒரு ஆள் வந்து போறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போகுது" என்று பூட்டுகளைப் பற்றிக் குறைப்படுவார். அங்கிள் காதில் வாங்க மாட்டார்.

நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தச் சிரிப்பு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு நின்றது.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரர்கள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வீடு காலியாக இருந்தது. டிவி, நகை, தையல் மெஷின் எல்லாம் போயிருந்தன. சோறு வெந்துகொண்டிருந்த ரைஸ் குக்கரையும் சோற்றோடு தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பட்டப்பகல். பக்கத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. லோரி ஒன்று நின்றதாம், வீடு மாறுகிறார்கள் என்று நினைத்தார்களாம். அந்த வீட்டுப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து, "என் பீரோவுல கை வச்சிருக்கான் அக்கா, என் புடவையெல்லாம் கலைச்சிருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். போன நகையைவிட அதுதான் அவளை அழ வைத்தது.

என் வீட்டுக்காரருக்குப் போர்ட் கிள்ளானில் ஷிஃப்ட் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் வீட்டில் நான் ஒருத்திதான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு காற்றில் கதவு ஆடினாலும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். ரைஸ் குக்கரைப் பார்த்தாலே என்னமோ செய்யும்.

மறுநாள் காலையில் கவனம் அங்கிள் மதிலருகே வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"பிள்ளை, பகலிலை வந்தவங்கள். இனி வெளிச்சத்தையும் நம்பேலாது. நான் ஒரு முடிவுக்கு வந்திட்டன். கேமரா பூட்டப் போறன்."

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது வீட்டில் கேமரா என்றால் கல்யாணத்துக்குப் படம் எடுப்பது. சுவரில் மாட்டும் கேமராவை நான் பேங்கில்தான் பார்த்திருந்தேன். ஆள் வைத்து மாட்டுவதற்கும் அங்கிள் சம்மதிக்கவில்லை. மாட்டுகிறவனுக்கு வயர் எங்கே போகிறது என்று தெரிந்துவிடுமே. ஆகவே எல்லாம் தானேதான். நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்து, அம்புக்குறி போட்டு, அழித்து, மறுபடி வரைந்தார். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்த ஒரு நாளில் எங்கள் காரில் எல்லோருமாகக் கோலாலம்பூருக்குப் போனோம். ஆன்டிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் புடவை பார்க்க ஆசை. அங்கிளுக்கு ஜாலான் பாசார். மின்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. மஸ்ஜித் இந்தியாவுக்கு நேரமே இல்லாமல் போனது.

கடைக்காரர் ஒரு சீனர். பாசார் பழக்கத்தில் தமிழ் நன்றாகவே வரும். கருப்பு வெள்ளை கேமரா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நல்ல சாமான் அங்கிள். ரொம்ப நாள் ஓடும்."

"கரண்ட் போனா?"

"கார் பேட்டரி போடு லா. ஓடும்."

"வயரைக் கள்ளன் வெட்டினா?"

"பைப் உள்ள வுடு."

"கேமராவையே கழட்டிக்கொண்டு போனா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "இன்னொரு கேமரா வாங்கி இதைப் பாக்க வை."

"அப்ப அந்த ரெண்டாவது கேமராவை ஆர் பார்க்கிறது?"

கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். "அங்கிள், நீங்க போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துல வீடு வாங்குங்க. அதான் சுலபம்."

"அங்கையும் ஒண்டு பார்த்தனான்," என்றார் அங்கிள் நிதானமாக. "பின்கதவு பலமில்லை."

கடைசியில் இரண்டு கேமரா வாங்கினார். ஒன்று வாசலுக்கு, ஒன்று ஹாலுக்கு. இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று. சுருள் சுருளாக வயர். வீட்டில் ஏற்கெனவே ஒரு வீடியோ ரெக்கார்டர் இருந்தது. கேமராப் படம் அந்தப் பெட்டி வழியாக ரெக்கார்டருக்குள் போய், டேப்பிலும் பதிந்து, அங்கிருந்து டிவிக்கு வரும். இதையெல்லாம் திரும்பும் வழியில் எங்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். ஆன்டி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவோரத்தில் தொங்கிய புடவைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலை வாரக்கணக்கில் நடந்தது. வாசல் கேமராவுக்கு மழை படாமலிருக்கப் பால்மாவு டின்னை வெட்டிக் குல்லாய் செய்தார். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க அதை வாசலில் ஒரு காலிப் புறாக்கூட்டுக்குள் வைத்தார். வாரக்கணக்கில் வெளியே நின்று வேலை செய்ததில் தெரு முழுக்க அது தெரிந்துபோனது வேறு கதை. வயரைப் பைப்பில் விட்டு, பைப்பைப் பூச்செடிக்குப் பின்னால் மறைத்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"ஒரு பெரிய ஓட்டை இருக்குது, பிள்ளை. நான் குளிக்கப் போனா ஆர் பார்க்கிறது?"

"ஆன்டி பார்ப்பாங்களே அங்கிள்."

"அவ கள்ளனைக் கண்டா வாங்கோ எண்டு சொல்லுவா."

அதனால் ரெக்கார்டரிலிருந்து இன்னொரு வயர் மதிலைத் தாண்டி எங்கள் டிவிக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. உண்மையைச் சொன்னால், அவர் வாசலைப் பார்த்தால் எங்கள் வாசலும் பாதி தெரியும். அப்போது டிவியில் மூன்று சேனல்தான். நான்காவது பட்டனை அழுத்தினால் கவனம் அங்கிளின் வீடு வரும். வாசல், பிறகு ஹால், மறுபடியும் வாசல். சத்தம் கிடையாது. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார், பூனை போகும், ஆன்டி கூட்டுவார். சில மத்தியானங்களில் மற்ற மூன்றையும்விட இதுதான் பரவாயில்லை என்றிருந்தது. கதவு ஆடினால் உடனே நான்காவது பட்டனை அழுத்துவேன். பயம் குறைந்ததா என்றால் இல்லை. முன்பு காதால் பயந்தேன், இப்போது கண்ணாலும் பயந்தேன்.

படத்தில் முகம் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும் என்று அங்கிள் ஒருநாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தன் கேட்டில் தானே ஏறினார். நான் டிவி முன்னால் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். துண்டு சுற்றிய உருவம் கேட்டின்மேல் ஒரு காலைப் போடுவது தெரிந்தது. படம் ஹாலுக்கு மாறியது. ஹாலில் யாருமில்லை. மறுபடி வாசல் வந்தபோது எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் எல்லோருக்கும் மக்சிக், துடைப்பத்தோடு நின்றார். துடைப்பம் மேலே போவதைப் பார்த்தேன். படம் ஹாலுக்கு மாறிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அங்கிள் நெற்றியைத் தடவிக்கொண்டு வந்தார். "முகம் தெரிஞ்சுதோ?"

"உங்க முகம் தெரியல அங்கிள். மக்சிக் முகம் ரொம்ப தெளிவா தெரிஞ்சிச்சு."

"அது போதாது," என்று சொல்லிவிட்டுக் கேமராவைச் சற்றுத் தாழ்த்தப் போனார்.

இன்னொரு சாயங்காலம் எங்கள் டிவியில் பெரிய கருப்புக் கை ஒன்று வாசலை அப்படியே மூடியது. நான் அலறாமல் இருந்தது பிள்ளைகளுக்காகத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கிள் ஜெபமாலை உருட்டுவதுபோல் தேவாரம் முணுமுணுப்பது கேட்டது. விளக்குமாறும் டார்ச் லைட்டுமாக என் வீட்டுக்காரர்தான் போய்ப் பார்த்தார். கேமராக் கண்ணாடியில் ஒரு எட்டுக்கால் பூச்சி உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையில் ஒரு வயர் கெட்டுப்போய், ஜாலான் பாசார் கடையிலிருந்து ஒரு பையன் மாற்று வயர் கொண்டுவந்தான். அங்கிள் வெளியே போயிருந்தார். யாருக்கும் திறக்கக் கூடாது என்பது அங்கிளின் கட்டளை. ஆன்டி கட்டளைப்படி திறக்கவில்லை. பையன் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அங்கிள் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "கேமரா விஷயமா ஆர் வந்தாலும் திறந்து விடும். மற்ற ஒருத்தருக்கும் வேண்டாம்." ஆன்டி சரி என்று தலையாட்டினார். அந்தப் பையனுக்கு ஒரு தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று அவருக்கு இரண்டு மூன்று நாள் வருத்தம்.

நான் சொல்ல வந்த அந்தக் காலை, மழை பெய்து ஓய்ந்திருந்த காலை. எங்கள் டிவியில் படம் மங்கலாக வருகிறதா என்று பார்க்க அங்கிள் வந்திருந்தார். இடுப்பில் சாரம், மேலே பனியன், கையில் ஸ்க்ரூ டிரைவர். டிவிக்குப் பின்னால் எதையோ திருகிக்கொண்டே, "இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லா வருது அங்கிள். வாசல்ல ரெண்டு பேரு நிக்கிறாங்க."

அங்கிள் நிமிர்ந்தார்.

வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கையில் பை. மற்றவன் புறாக்கூட்டைக் காட்டி ஏதோ சொன்னான். ஆன்டி சாவிக்கொத்தோடு வந்தார்.

"நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை," என்றார் அங்கிள்.

ஆன்டி முதல் பூட்டைத் திறந்தார். படம் ஹாலுக்கு மாறியது. வெறும் ஹால், நாற்காலி, மின்விசிறி. மறுபடி வாசல். ஆன்டி அடுத்த பூட்டில் சாவி தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் ஒருவன் பணிவாகப் பூட்டைப் பிடித்துக் கொடுத்தான். மறுபடி ஹால். மறுபடி வாசல். கேட் திறந்திருந்தது.

"நான் கத்துறேன் அங்கிள்," என்றேன்.

"வேண்டாம். பயந்து போய் அவவை ஏதும் செய்திடுவாங்கள்." அங்கிள் கிசுகிசுத்தார். நான் போலீசுக்குப் போன் செய்தேன். எண்ணைத் தவறாகச் சுற்றி, மறுபடி சுற்றினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக மலாயில் கேட்டார், திருடர்கள் வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா. நான் திரும்பிப் பார்த்தேன். ஹாலில் இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்டி தட்டில் கோப்பைகளோடு வந்தார்.

"உள்ளே. தேத்தண்ணீர் குடிக்கிறார்கள்," என்றேன்.

அவர், "அப்படியானால் அவர்கள் விருந்தாளிகளா?" என்று கேட்டார். நான் விளக்க விளக்க எனக்கே அது நம்பும்படியாக இல்லை. கடைசியில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

அங்கிள் டிவிக்கு முன்னால் நின்றார். கரண்ட் போனால் என்ன, வயரை வெட்டினால் என்ன, மழை பெய்தால் என்ன, பூச்சி உட்கார்ந்தால் என்ன என்று எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்திருந்தவர். திருடன் நிஜமாகவே வந்து நின்றால் அடுத்து என்ன செய்வது என்று மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றார்.

வாசல். ஒரு மைனா கேட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த மைனாவை நான் இன்றுவரை மறக்கவில்லை, அவ்வளவு நேரம் அது உட்கார்ந்திருந்ததுபோல் தோன்றியது. ஹால். ஒருவன் இல்லை, அறைப் பக்கம் போயிருக்க வேண்டும். ஆன்டி உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வாசல், மைனா. ஹால். ஆன்டி எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவன் குனிந்து ரெக்கார்டரிடம் கையை நீட்டினான்.

படம் போய்விட்டது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல்.

அங்கிள் அந்த இரைச்சலை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓடினார். வாசல் வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம். அவர் நேராக எங்கள் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, தன் கையால் பதித்த போத்தல் துண்டுகள்மேல் கையை ஊன்றி, காலை ஊன்றி, சாரத்தோடு மதிலைத் தாண்டினார். வாழைப்பழத்தோல் கிடக்கிறதா என்று பார்த்து நடக்கிற மனிதர். அந்தப் பக்கம் அவர் விழுந்த இடத்தில் பால் டின்கள் அத்தனையும் ஒரேயடியாக அலறின. தெருவே அதிர்ந்தது. மக்சிக் துடைப்பத்தோடு வெளியே வந்தார். இரண்டு பேரும் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

நான் உள்ளே ஓடினபோது அங்கிள் ஹால் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் ஒரு காலிலும் ரத்தம். அந்தக் கையாலேயே ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆன்டி சேலைத் தலைப்பால் அவர் காலைச் சுற்றிக்கொண்டு கோபத்தோடு பேசினார்.

"இந்த வயசிலை மதிலேறிக் குதிக்கிறதோ? வாசலிலை கேட் திறந்துதானே கிடந்தது."

"உம்மை அடிச்சவங்களோ?"

"ஏன் அடிக்கிறாங்கள்? நீங்கள் அனுப்பினதெண்டு சொன்னவங்கள். கேமரா பழுதெண்டு சொன்னவங்கள். நீங்கள்தானே திறந்து விடச் சொன்னது."

"வேறை என்ன சொன்னவங்கள்?"

ஆன்டி யோசித்தார். "தேத்தண்ணிக்குச் சீனி காணாதெண்டு சொன்னவங்கள்."

அங்கிள் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியது. ஆன்டியின் கையை அவர் விடவேயில்லை. கையில் வளையல் அப்படியே இருந்தது. ரெக்கார்டரும் மேசைமேல் இருந்த ரேடியோவும் போயிருந்தன.

போலீஸ்காரர் இளைஞர். புறாக்கூட்டையும் பைப்பையும் பேட்டரியையும் மரியாதையோடு சுற்றிப் பார்த்துவிட்டு, டேப்பைக் கேட்டார். டேப் ரெக்கார்டருக்குள் இருந்தது. அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார்.

"பரவாயில்லை. நீங்கள் டிவியில் பார்த்தீர்களே, ஆட்கள் எப்படி இருந்தார்கள்?"

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒருவன் உயரம், கோடு போட்ட சட்டை. இன்னொருவனுக்கு மீசை. பிறகு அவர் அங்கிளைக் கேட்டார். மாதக்கணக்காக முகம் தெரிய வேண்டும் என்று கேமராவை ஏற்றி இறக்கியவர், நெடுநேரம் யோசித்தார்.

"அவ வலது கையிலை தட்டு வச்சிருந்தவ," என்றார். "பிறகு இருந்தவ. பிறகு எழும்பினவ. எழும்பேக்கை முழங்காலைப் பிடிச்சவ. அவவுக்கு முழங்கால் நோ இருக்குது."

"திருடர்கள், சார்?"

"நான் அவங்களைப் பார்க்கேல்லை," என்றார்.

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு பேரும் கடைசிவரை அகப்படவில்லை. அங்கிள் வேறு ரெக்கார்டர் வாங்கவும் இல்லை. கை காயம் ஆறியதும் புறாக்கூட்டிலிருந்து கேமராவைக் கழற்றிவிட்டார். சில நாளில் அங்கே நிஜப் புறாக்கள் வந்து குடியேறின. அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் ஆன்டியையும் கூட்டிக்கொண்டுதான் போவார். எங்கள் ஊர்ப் பாசாரில் ஆன்டி கத்தரிக்காய் பொறுக்கும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரை முறைத்தபடி நிற்பார். மீன்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். மஸ்ஜித் இந்தியாவுக்கும் ஒருநாள் பஸ்ஸில் போய் வந்தார்கள். ஆன்டி நீலப் புடவை ஒன்றைக் காட்ட வந்தார். அங்கிள் அதைக் கோலாலம்பூரிலிருந்து வீடு வரை அக்குளில் இடுக்கியபடியே கொண்டுவந்து சேர்த்த கதையைச் சொன்னார்.

சில வருடம் கழித்து, செமினி ஊரில் இருந்த அவர்கள் மகள் வற்புறுத்தி அவர்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் நல்ல மாதிரி, அமைதியானவர்கள். எங்கள் வரிசையில் பிறகு களவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த மாதம் முழுக்க எனக்கு என்னவோ போலிருந்தது. காரணமில்லாமல் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன். என்னடி ஆச்சு உனக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டபோதுதான் யோசித்தேன். அத்தனை வருடமும் எங்கள் பங்குக்கும் சேர்த்து அவர்தான் பயந்துகொண்டிருந்தார்.